ஐந்தாம் நம்பர் சப்பாத்து

நேற்றுக் காலை பத்து மணியிலிருந்து எங்கள் வீட்டில் குக்கர் விசில் அடிக்கக் கூடாது என்று உத்தரவு. பைப்பைத் திறக்கக் கூடாது. இருமல் வந்தால் பின்பக்கம் போய்விட வேண்டும். உத்தரவு போட்டவள் பக்கத்து வீட்டு ஹரிணி. குண்டசாலையில் எங்கள் வரிசை வீடுகளிலேயே எங்கள் முன்னறையில்தான் போனுக்குச் சிக்னல் ஒழுங்காக வருகிறதாம். அதனால் அவளுடைய இன்டர்வியூ எங்கள் சாப்பாட்டு மேசையில் நடந்தது. போனைப் பால்மா டின்னில் சாய்த்து வைத்து, எதிரே கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கேள்வி கேட்கிறவர்கள் கொழும்பில்.

நான் குசினி வாசலில் ஸ்டூலைப் போட்டு, மூச்சைக்கூட மெல்ல விட்டுக்கொண்டிருந்தேன். இடுப்புக்கு மேலே பார்த்தால் பிள்ளை பேங்க் மெனேஜர் மாதிரி இருந்தாள். வெள்ளை பிளவுஸ், கழுத்துவரை பொத்தான், இழுத்துக் கட்டிய தலை. இடுப்புக்குக் கீழே பூப்போட்ட பழைய கால்சட்டை, வெறுங்கால். குரல் ஆடவில்லை. ஆனால் கஷ்டமான கேள்வி வரும்போதெல்லாம் வலது காலின் பெருவிரல் தரையைப் போட்டு அழுத்தியது. எனக்கு இங்கிலீஷ் விளங்காது. அந்த விரலைப் பார்த்துத்தான் இன்டர்வியூ எப்படிப் போகிறது என்று தெரிந்துகொண்டேன்.

முடிந்ததும் கையைத் தூக்கிச் சோம்பல் முறித்தாள். "அப்பாடா! பெரியம்மா, இனிக் குக்கரப் போடுங்க."

"ஏம்புள்ள, காலுக்கு ஒண்ணும் போட்டுக்கலையே?"

"கால யாரு பாக்கப் போறா பெரியம்மா?"

அவள் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு அடுப்பைப் பற்ற வைக்கப் போனேன். பருப்பு வேகிற வாசனை வரவேண்டிய இடத்தில் சப்பாத்துப் பாலிஷ் வாசனை வந்தது. எங்கள் வீட்டில் பாலிஷ் டப்பி வாங்கிப் பல வருஷம். இந்த மூக்கை நம்பி ஒன்றும் செய்ய முடியாது. போன மாதம் எரிகிற வாசனை வருகிறதென்று பக்கத்து வீட்டுக் கதவையெல்லாம் தட்டினேன், கடைசியில் ஒன்றுமில்லை. ஆனால் இந்த வாசனை எங்கேயிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட பல வருஷத்துக்கு முன்னால் ஒரு இரும்புச் சாமான் கடை இருந்தது. அதன் மேல்மாடியில் இரண்டு அறை. பள்ளிக்கூடம் முடித்த பிள்ளைகளை வேலைக்குப் போகப் பழக்குகிற இடம். டைப் அடிக்க, போன் எடுத்துப் பேச, விண்ணப்பம் எழுத, மூன்று பாஷையிலும் தடுமாறாமல் நாலு வார்த்தை சொல்ல ஆறு மாதம் பழக்குவார்கள். அதை நடத்தியவர் நௌபர் சேர், கட்டுகஸ்தோட்டைக்காரர்தான். நான் அங்கே கூட்டித் துடைத்து, தேத்தண்ணி ஊற்றி, கப் கழுவுகிற ஆள். பதினொரு வருஷம் செய்தேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், இத்தனை பிள்ளைகளை வேலைக்கு அனுப்புகிற இடத்தில் இருக்கிறேனே என்று உள்ளுக்குள் ஒரு பெருமை. வெளியே சொன்னதில்லை. எதைத்தான் வெளியே சொல்லியிருக்கிறேன்.

அங்கே ஒரு அலுமாரி. சாவி என்னிடம். உள்ளே இரண்டு வெள்ளை பிளவுஸ், இடுப்பில் இலாஸ்டிக் வைத்த ஒரு கறுப்புப் பாவாடை, ஓடாத ஒரு கைக்கடிகாரம். "ஓடாட்டி என்ன, அவங்க ஒங்கட கைல மணியா பாக்கப் போற?" என்பார் சேர். அடித்தட்டில் அந்தச் சப்பாத்து. கறுப்பு, குதி கொஞ்சம் உயரம், ஐந்தாம் நம்பர். ஒரே சோடி.

யாருக்கு இன்டர்வியூ வந்தாலும் அந்தச் சப்பாத்துதான் போகும். அன்றைக்கே திரும்பி வர வேண்டும் என்பது சட்டம். சின்னக் கால் பிள்ளைகளுக்கு முன்னால் பேப்பரைச் சுருட்டி அடைத்துக்கொடுப்பேன். பெரிய கால் பிள்ளைகளுக்குக் குதியில் கொஞ்சம் வெசிலின். அவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பார்கள், முகம் கொஞ்சம் கண்டிப்பாகத் தெரியும், அதுவும் நல்லதுக்குத்தான். சனிக்கிழமைகளில் ஜன்னலோரம் உட்கார்ந்து பாலிஷ் போடுவேன். ஒரு நாள் எல்லாரும் போன பிறகு நானே போட்டுப் பார்த்தேன். ஜன்னலிலிருந்து கதவுவரை பத்து அடி நடந்தேன். யாரோ என்னைக் கேள்வி கேட்கப் போகிறார்கள் என்று பயம் வந்து கழற்றி வைத்துவிட்டேன்.

நௌபர் சேர் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்வது ஒன்றுதான். "கதவத் தொறந்தா மொதல்ல உள்ளுக்குப் போற ஒங்கட கால்தான். மொகம் பொறகுதான் போற. அதால கால ஒழுங்கா வச்சிக்கோங்க."

வெள்ளிக்கிழமைக் காலையில் பழக்க இன்டர்வியூ நடக்கும். மேசைக்குப் பின்னால் மூன்று பேர் இருக்க வேண்டும். சேர் ஒருவர், கீழ்க் கடைக் கிளார்க் ஒருவர். மூன்றாவது ஆள் கிடைக்காமல் ஒரு தரம் என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, வந்து சும்மா ஒக்காருங்க. ஒண்டும் கேக்க வாணாம். மொறச்சிப் பாத்தா போதும்."

எனக்கு முறைக்க வராது. ஆட்களுக்கு முன்னால் இருந்தால் மேசையைத்தான் பார்ப்பேன். கடைசியில் பிள்ளைகள் அதிகம் பயந்தது எனக்குத்தானாம். அந்த அம்மா ஒன்றுமே பேசவில்லையே, நம்மைப் பிடிக்கவில்லையோ என்று. சேர் சிரித்துச் சிரித்து, அன்றிலிருந்து அந்தக் கதிரையை எனக்கே கொடுத்துவிட்டார்.

அந்தக் கதிரையிலிருந்துதான் கௌசல்யாவை முதலில் பார்த்தேன். புசல்லாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். இரண்டு பஸ் மாறி வருவாள். உயர்தரப் பரீட்சை எழுதிய பிள்ளை, சிங்களம் நன்றாகப் பேசுவாள், இங்கிலீஷ் கொஞ்சம். போனில் பேசச் சொன்னால் குரல் அவ்வளவு இனிமை. ஆனால் உள்ளே வரச்சொன்னால் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருவாள்.

"புள்ள, இது கோயிலும் இல்ல, பள்ளிவாசலும் இல்ல. செருப்போட உள்ளுக்கு வாங்க" என்பார் சேர்.

"சரி சேர்" என்று சிரிப்பாள். அடுத்த நாளும் வெறுங்காலோடு வந்து நிற்பாள். உட்காரச் சொன்னால் கதிரை நுனியில் உட்கார்வாள்.

அவள் ஏன் அப்படிச் செய்கிறாள் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். நானும் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்து ஆபீஸுக்குள் எங்கள் ஆட்கள் யாரும் காலில் ஒன்றைப் போட்டுக்கொண்டு போனதை நான் கண்டதில்லை. எங்கள் அப்பா லீவு கேட்கப் போனால், மழையென்றாலும் செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நிற்பார். இதைக் கௌசல்யாவிடம் ஒரு நாள் எடுத்துச் சொல்லியிருக்கலாம். 'அது அங்கே, இது இங்கே, போட்டுக்கொண்டு போ' என்று நாலு வார்த்தை. சேர் சொல்கிறாரே, நான் யார் சொல்ல என்று கப் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் அவளாகவே குசினிப் பக்கம் வந்து நின்றாள்.

"அக்கா, திங்கக்கெழம இன்டர்வியூ வந்திருக்கு. கண்டியில, ஆஸ்பத்திரி ஒண்ணுல. பிரைவேட்டு. முன்னால மேசையில இருந்து ஆளுங்களுக்குச் சொல்ற வேல."

"நல்லதுதானே புள்ள, ஏன் மொகம் இப்பிடி இருக்கு?"

"செவ்வாக்கெழம தோட்டத்துல எனக்குப் பேர் பதியிறாங்க."

தோட்டத்தில் பேர் பதிவதென்றால், காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டில் நின்று ஆளாகச் சேர்ந்துகொள்வது. அதற்குப் பிறகு கொழுந்துக் கூடைதான். அவளுடைய அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. வீட்டிலிருந்து ஒருவராவது பேரில் இருந்தால்தான் குடியிருக்கிற லயத்து அறை அவர்களுக்கு. தம்பி படிக்கிற பிள்ளை.

"அம்மா என்னா சொல்லுது?"

"இந்த ஒரு தடவ போய்ப் பாரு. கெடச்சிருச்சின்னா நான் கால இழுத்துக்கிட்டு இன்னும் ரெண்டு வருசம் மலைக்கிப் போறேன். கெடைக்கலேன்னா மறுநாளு பெரட்டுல நில்லு, அப்பறம் கண்டி கிண்டின்னு வாயத் தொறக்கக் கூடாதுன்னிருச்சி."

சொல்லிவிட்டு நான் கழுவி வைத்த கப்பையெல்லாம் மறுபடியும் கழுவ ஆரம்பித்தாள். நான் தடுக்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமைக்கு இன்னொரு சிக்கலும் சேர்ந்தது. அதே நாள் இரண்டு மணிக்கு றிஸானா என்ற பிள்ளைக்குக் கட்டுகஸ்தோட்டையிலேயே ஒரு இன்டர்வியூ. சப்பாத்து ஒரு சோடி. சேர் கணக்குப் போட்டார். கௌசல்யாவுக்குப் பத்து மணி, பன்னிரண்டுக்குள் முடியும், சப்பாத்து ஒரு மணிக்குத் திரும்பிவிடும். "அக்கா, நீங்களும் கூடப் போங்க. புள்ளைக்கும் தொண, சப்பாத்துக்கும் தொண."

திங்கட்கிழமை காலையிலிருந்தே மழை. சப்பாத்து நனையாமல் சொப்பிங் பேக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். கட்டுகஸ்தோட்டையிலிருந்து கண்டிக்குக் கொஞ்சத் தூரம்தான். அன்றைக்கு அந்த பஸ் நகரவே இல்லை. கௌசல்யா உதடு மட்டும் அசைய எதையோ சொல்லிக்கொண்டே வந்தாள். சேர் கொடுத்த பதில்கள். நடுவில் ஒரு தரம், "அக்கா, நாளைக்கும் மழ பேஞ்சா பெரட்டு இருக்குமா?" என்று கேட்டாள். "அதயெல்லாம் இப்ப நெனைக்காத" என்றேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிடத்துப் படிக்கட்டின் கீழே அவளுக்குச் சப்பாத்தைப் போட்டுவிட்டேன். கால் சின்னது. இரண்டு பக்கமும் பேப்பர் அடைத்தேன். இரண்டு படி ஏறி இறங்கிப் பார்த்தாள். டக் டக் என்றது. "யாரோ வர்ற மாதிரி இருக்கு" என்று சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அது ஒன்றுதான்.

மேலே நீளமான நடை. அப்போதுதான் துடைத்த தரை, முகம் தெரிகிற பளபளப்பு. ஓரத்தில் உட்கார ஒரு மர வாங்கு. ஏழெட்டுப் பிள்ளைகள் பைலை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்கள். என் செருப்பில் சேறு. யார் துடைத்தார்களோ பாவம் என்று நினைத்து, படி முடிகிற இடத்திலேயே கழற்றிவிட்டு வந்து வாங்கின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அதை நான் யோசித்துச் செய்யவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே நான் அப்படித்தான்.

ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார்கள். கௌசல்யா தன் பேரைக் கூப்பிட்டபோது எழுந்து, பாவாடையை இழுத்துவிட்டு, கதவுவரை நன்றாகத்தான் நடந்து போனாள். டக் டக் டக். கதவில் கை வைத்தவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தாள்.

நான் தலையாட்டியிருக்க வேண்டும். கையைக் காட்டி 'போ போ' என்றிருக்க வேண்டும். அத்தனை பேருக்கு நடுவில் எனக்குக் கை எழவில்லை. அவள் குனிந்தாள். இரண்டு சப்பாத்தையும் கழற்றி, கதவோரத்தில் சோடி சேர்த்து வைத்துவிட்டு, வெறுங்காலோடு உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

வாங்கில் இருந்த பிள்ளைகளில் ஒருத்தி இன்னொருத்தியின் தோளை இடித்தாள். சப்பாத்தின் வாயில் நான் அடைத்த பேப்பர் நீட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்றாக நினைவு வந்தது. கட்டுகஸ்தோட்டையில் மாடிப்படி முடிகிற இடத்தில் தினமும் காலையில் முதலில் கிடப்பது என் செருப்பு. அதற்குப் பக்கத்தில்தான் கௌசல்யா தன் செருப்பை விடுவாள், ஒட்டி, நேராக. சேர் வாயால் ஒன்று சொன்னார். நான் அந்த வாசலில் தினமும் வேறொன்றைப் போட்டு வைத்திருந்தேன்.

எழுந்து போனேன். சப்பாத்தை எடுத்துக்கொண்டேன். கதவைத் தட்டி, 'புள்ள இத மறந்திருச்சி' என்று கொடுத்துவிட்டு வந்துவிடலாம். மூன்று பேர் உள்ளே இருப்பார்கள். நானும்தான் வெள்ளிக்கிழமைகளில் மூன்றாவது ஆளாக இருந்தவள். கதவுப் பிடியில் கை வைத்தேன். குளிர்ந்த இரும்பு. உள்ளே ஒரு பெண் சிங்களத்தில் ஏதோ கேட்பது கேட்டது. கௌசல்யாவின் குரல் கேட்கவில்லை. இன்னொரு தரம் கேட்டார்கள். அப்போதும் அவள் குரல் கேட்கவில்லை. என் கை அந்தப் பிடியைத் திருப்பவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ, அவள் கதவைத் திறந்தபோது சப்பாத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நேர் எதிரே நின்றிருந்தேன்.

படியிறங்கிய பிறகுதான் நான் கேட்டேன்.

"கேட்டாங்களா?"

"கேட்டாங்க. ஏன் வெறுங்காலோட வந்தீங்கன்னு."

"என்னா சொன்ன?"

"ஒண்ணுஞ் சொல்ல வரல அக்கா. அப்பறம் கேட்டது ஒண்ணும் காதுல ஏறல." கீழே விட்டிருந்த தன் செருப்பைப் போட்டுக்கொண்டே, "நீங்க கழட்டிட்டு ஒக்காந்திருக்கீங்க. நான் மட்டும் எப்பிடி டக்கு டக்குன்னு போறது?" என்றாள். என்மேல் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சப்பாத்து ஒரு மணிக்கு முன்னமே கட்டுகஸ்தோட்டைக்குப் போய்விட்டது. கௌசல்யாவுக்கு அடைத்த பேப்பரை எடுத்துவிட்டு றிஸானா போட்டுக்கொண்டு போனாள். றிஸானாவுக்கு அன்றைக்கே வேலை கிடைத்தது, அதையும் சொல்ல வேண்டும்.

நாலு மணிக்குள் போன் வரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அப்போது எல்லார் கையிலும் போன் இல்லை. சேரின் மேசையில் இருந்த ஒன்றுதான். கௌசல்யா புசல்லாவை பஸ்ஸை விட்டுவிட்டு அதற்கு முன்னால் இருந்தாள். மூன்றரைக்கு ஒரு தரம் அடித்தது. கீழ்க் கடைக்கு ஆணி விலை கேட்டு யாரோ. நாலே காலுக்குச் சேரே ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் பேசினார். "ம்" என்றார். இன்னொரு "ம்". வைத்துவிட்டு அவளைப் பார்க்காமல் சொன்னார்.

"வேறொரு புள்ளைய எடுத்திட்டாங்களாம். நல்ல புள்ளதான், ஆனா பயந்த புள்ளயாம். முன் மேசைக்குச் சரிவராதாம்." பிறகு என் பக்கம் திரும்பி, "ஏனக்கா, உடுப்பு சப்பாத்தெல்லாம் சரியாத்தானே போன?" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். சரியாகத்தான் போனோம் என்று ஆட்டினேன். கௌசல்யா என்னைப் பார்த்தாள். அலுமாரிக் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள். "வர்றேன் சேர். காலையில பெரட்டு" என்றாள். படியில் கிடந்த தன் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள். என் செருப்பு தனியாகக் கிடந்தது. இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சேரிடம்கூட.

மறுநாள் காலை மாடிப்படி முடிகிற இடத்தில் நின்றேன். இந்நேரம் அவள் பேரைக் கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றாமல் உள்ளே போனேன். நானே கூட்டுகிற தரைதான், ஆனாலும் யாருடைய படுக்கையிலோ மிதிப்பதுபோல இருந்தது. சேர் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"என்ன அக்கா, காலுக்குக் குளிரா?"

"ஆமாங்க சேர்."

அதற்குப் பிறகு அந்த வாசலில் நான் செருப்பைக் கழற்றவில்லை. சொன்னால் நம்புவீர்களோ தெரியாது, புதிதாக வந்த தோட்டத்துப் பிள்ளைகளும் ஒரு வாரம், இரண்டு வாரத்தில் கழற்றுவதை விட்டுவிட்டார்கள். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏழெட்டு மாதம் போயிருக்கும். ஒரு நாள் பதினொரு மணியளவில் படியில் காலடிச் சத்தம். கௌசல்யா. கொஞ்சம் கறுத்திருந்தாள். விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை. கூட ஒரு பிள்ளை, சித்தப்பா மகளாம், பள்ளிக்கூடம் முடித்துவிட்டு நிற்கிறாளாம். "இவளச் சேத்துவிட வந்தேன் அக்கா. அரப் பேர் போட்டுட்டு வந்திருக்கேன்" என்றாள். அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

அந்தச் சின்னப் பிள்ளை படி முடிகிற இடத்தில் நின்று, குனிந்து, செருப்பின் வாரில் கை வைத்தது. கௌசல்யாவும் அரைவாசி குனிந்துவிட்டாள். முன்பெல்லாம் என் செருப்பு கிடந்த இடத்தைப் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை. மெல்லத் தலையைத் தூக்கி என் காலைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"கழட்டாத" என்றாள் அந்தப் பிள்ளையிடம். "இங்க அப்பிடியே உள்ள போகணும்."

தன் செருப்போடு, சத்தம் கேட்கும்படி, சேரின் அறைக்குள் அவளே முதலில் நடந்து போனாள். எனக்கு அவளிடம் சொல்ல எவ்வளவோ இருந்தது. தேத்தண்ணிக்குச் சீனி ஒரு கரண்டி கூடப் போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "இனிப்பு கூடிருச்சி அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தச் சின்னப் பிள்ளைக்குச் சப்பாத்தில் பேப்பர் அடைக்கவேண்டி வரவில்லை. ஐந்தாம் நம்பர் கால்.

பிறகு அந்த இடத்தையே மூடிவிட்டார்கள். நௌபர் சேர் மௌத்தாகி, அடக்கம் செய்து வருஷங்கள் ஆகின்றன. இரும்புச் சாமான் கடை இருந்த இடத்தில் போன் உறைகள் தொங்குகின்றன, மேலே ஏறும் படியைச் சுவர் வைத்து அடைத்துவிட்டார்கள். அலுமாரியை யார் கொண்டுபோனார்களோ. சப்பாத்து இரண்டு தரம் அடிப்பாகம் விட்டு, இரண்டு தரம் தைத்தது எனக்குத் தெரியும். மூன்றாம் தரம் தெரியாது. கௌசல்யா எங்கே இருக்கிறாள் என்றும் தெரியாது. விசாரித்திருக்கலாம். புசல்லாவை பஸ் கண்டியிலிருந்து எத்தனையோ போகிறது.

இன்று காலை ஹரிணி ஓடி வந்தாள். வேலை கிடைத்துவிட்டதாம். வருகிற திங்கட்கிழமையிலிருந்து.

"எங்க புள்ள ஆபீஸு?"

"ஆபீஸுக்குப் போகத் தேவயில்ல பெரியம்மா. வீட்லேருந்துதான். சிக்னல் இல்லாட்டி இந்த மேசைக்கே வந்திருவேன்."

அப்படியென்றால் இனிப் படி இல்லை. நடை இல்லை, வாங்கு இல்லை. மடியில் சப்பாத்தை வைத்துக்கொண்டு கூடப் போகிற ஆளும் தேவையில்லை. கேட்டபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. பயந்த பிள்ளைகளுக்கு இது நல்லதுதான் என்று நினைத்தேன்.

ஆனால் ஒன்று. செய்தி சொல்ல ஓடி வந்தவள், எங்கள் வாசலில் குனிந்து செருப்பைக் கழற்றினாள். 'கழட்டாத, அப்பிடியே உள்ள வா' என்று எனக்கு வாய்வரை வந்துவிட்டது. இது வீடுதானே என்று பேசாமல் இருந்துவிட்டேன். அவள் போகும்வரை அது என் செருப்புக்குப் பக்கத்தில், ஒட்டி, நேராகக் கிடந்தது.